பேரீச்சம்பழப் பொதியும் த்ரீவீல் ஹயரும்

எங்கள் ஊரில் காசு கேட்டால் கிடைக்கும். இப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஊர்கள் நிறைய இல்லை என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

அலவத்துகொட தெரியாதவர்களுக்கு: கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதியில் கடுகஸ்தோட்டை, அக்குறணை எல்லாம் தாண்டி வரும் சின்ன டவுன். பஸ்ஸில் கண்ணயர்ந்தால் தவறவிட்டுவிடுவீர்கள். பிங்கா ஓயா பெருகி அக்குறணைக் கடைகளுக்குள் தண்ணீர் ஏறும் ஒவ்வொரு தடவையும், கேட்காமலே சோற்றுப் பார்சல் கட்டுகிற ஊர் இது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது நாட்டிலேயே கூடுதலான உயிர்களைக் கண்டி மாவட்டம்தான் இழந்தது. எங்கள் பக்கத்து மலைச்சரிவிலும் மண் இறங்கி வீடுகளை ஆட்களோடு மூடியது. அன்று பள்ளிவாசல், விகாரை, கோயில் என்று பார்க்காமல் சனம் ஓடியது. மண்வெட்டி கொண்டுவந்தவன், பாய் கொண்டுவந்தவன், ஜெனரேட்டர் கொண்டுவந்தவன். கொழும்பிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் லொறி லொறியாக வந்தது. ஒரு ஜனாஸா விழுந்தாலும் அப்படித்தான். கபன் துணியிலிருந்து அந்த வீட்டுக்கு மூன்று நாள் சாப்பாடு வரை யாரோ ஒருவர் பொறுப்பெடுத்துவிடுவார்.

ஆனால் ஒரு வருத்தம் வந்து வீட்டிலேயே குந்திக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு நாள், மாதத்துக்கு எட்டு ஒன்பது நாள், வருஷக்கணக்கில் செலவு கேட்டால், அதற்குக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. மனம் இல்லாமல் இல்லை, பழக்கம்தான் இல்லை. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னுடைய வாப்பாவுக்கு இரண்டு கிட்னியும் போனது சீனி வருத்தத்தால். எங்கள் பக்கம் பெரும்பாலும் இதுதான் கதை, சீனி அல்லது பிரஷர். 2018, 2019இல் நாடு முழுக்கச் செய்த ஓர் ஆய்வில் பெரியவர்களில் 23 சதவீதமானவர்களுக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. வடமத்திய மாகாணத்தில் மதவாச்சி, பதவியா போன்ற இடங்களிலும், எங்களுக்குக் கிட்டே மாத்தளை மாவட்டத்து வில்கமுவவிலும் விவசாயிகளுக்கு வரும் சிறுநீரக நோய் வேறு. சீனியும் இல்லாமல் பிரஷரும் இல்லாமல் வரும். 1990களிலிருந்து வைத்தியர்கள் அதைக் கவனித்து வருகிறார்கள். பூச்சிமருந்தா, கிணற்றுத் தண்ணீரா, வெயிலா என்று இன்னும் ஒரே முடிவாகச் சொன்னபாடில்லை. எது எப்படி வந்தாலும் கடைசியில் போய்ச் சேரும் கதிரை ஒன்றுதான்.

டயலிசிஸ் கதிரை. கையில் பிஸ்டுலா என்று நாளத்தையும் நாடியையும் சேர்த்துத் தைத்து வைத்திருப்பார்கள். அதில் இரண்டு தடித்த ஊசி. ஒன்றால் இரத்தம் வெளியே போகும், மற்றதால் சுத்தமாகித் திரும்பி வரும். நாலு மணித்தியாலம். வாரத்துக்கு மூன்று தடவை செய்வதுதான் முறை. மெஷின் போதாத இடத்தில் இரண்டு தடவையோடு நிறுத்திக்கொள்வார்கள். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. வாப்பாவுக்கும் கண்டியில் இலவசமாகத்தான் செய்தார்கள். அந்த இலவசத்தின் பெறுமதி தெரியாமல் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை.

அப்படியென்றால் காசு எதற்கு என்று கேட்பீர்கள். ஊரிலும் அப்படித்தான் கேட்டார்கள். "எல்லாம் ப்ரீதானே மகள்?"

போக்குவரத்துக்கு. டயலிசிஸ் முடிந்து எழும்புகிற ஆளுக்குத் தலை சுற்றும், பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் இழுக்கும். அவரைக் கண்டி டவுனில் மாத்தளை பஸ்ஸுக்குள் தள்ளி ஏற்ற முடியாது. த்ரீவீல்தான். போக வரக் கிட்டத்தட்ட முப்பது கிலோமீற்றர், நடுவில் நாலைந்து மணித்தியாலக் காவல். இன்றைய விலையில் மூவாயிரத்துக்குக் குறையாது. கூடப் போகிற ஆளின் நாட்கூலி போகும். ஸ்டொக் இல்லாத கிழமையில் ஊசி வெளியே வாங்க வேண்டும். அதிலும் இரத்தம் ஊறுவதற்குப் போடும் எரித்ரோபொயிட்டின் ஊசி லேசில் வாங்கக்கூடியதல்ல. சில இரத்தப் பரிசோதனைகளும் வெளியே செய்ய வேண்டி வரும். ஒன்றொன்றாகப் பார்த்தால் பெரிய தொகை எதுவுமில்லை. யாரிடமும் போய் "முப்பது லட்சம் வேண்டும்" என்று அழுது கேட்கும்படியான ஒரு செலவும் அதற்குள் கிடையாது. அதனால்தான் யாரும் கொடுப்பதில்லை.

டயலிசிஸ் முடியும்வரை காத்திருக்கும் வாங்கில் மாதக் கணக்கில் குந்தியிருந்தபோது உண்டான கூட்டம்தான் எங்களுடையது. பெயர் கிடையாது, பதிவு கிடையாது, தலைவர் கிடையாது. ஒரே நாளில், ஒரே ஷிப்டில் நோயாளியைக் கூட்டி வருகிறவர்கள் அரை நாள் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கொஞ்ச நாளில் பிளாஸ்கிலிருந்த பிளேன்டீயும் பேச்சும் தானாகவே பங்குபோகத் தொடங்கிவிடும். அங்கும்புரப் பக்கத்துச் சிங்கள அம்மா ஒருவர், கணவருக்காக வருகிறவர். மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து மகனைக் கூட்டி வரும் அக்கா. எங்கள் ஊரிலேயே ஒரு நானா, மனைவிக்காக. பொதுப் பாஷை சிங்களம், கோபம் வந்தால் அவரவர் பாஷை.

அங்கே படித்ததை எந்த லீப்லெட்டும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பிஸ்டுலா போட்ட கையில் பிரஷர் பார்க்கவிடக் கூடாது, அந்தக் கையால் பாரம் தூக்கவிடக் கூடாது, அந்தக் கையை அடியில் போட்டுத் தூங்கவிடக் கூடாது. தாகம் எடுத்தால் கோப்பை நிறையத் தண்ணீருக்குப் பதிலாக ஒரு துண்டு ஐஸ். மரக்கறியைச் சின்னதாக வெட்டி அவித்து, அவித்த தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். அங்கும்புர அம்மாதான் இதைச் செய்துகாட்டுவது போல வாங்கிலேயே விரலால் வெட்டிக் காட்டினார். என்னை "துவ", மகள், என்றுதான் கூப்பிடுவார். வாப்பாவை "முதலாளி" என்பார். வாப்பா ஒருநாளும் முதலாளியாக இருந்ததில்லை, அந்தப் பட்டத்தைத் திருத்தவும் இல்லை.

2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான திகனக் கலவரம் வந்தது. தெல்தெனியவில் தொடங்கி அக்குறணை வரை வந்தது. மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம், ஊரடங்கு. அடுத்த நாள் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் நின்றன. கிட்னிக்கு ஊரடங்கு தெரியாது. மூன்று நாள் தள்ளிப்போனால் நெஞ்சில் தண்ணீர் கட்டும், பொட்டாசியம் ஏறினால் இதயம் அப்படியே நின்றுவிடும். சாதாரண டெலிபோன் அழைப்பில் அங்கும்புர அம்மாவின் மகன் எங்களைத் தேடி எடுத்தான். தங்களுடைய வேனில் எங்களையும் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னான். கிளினிக் கார்டை முன்கண்ணாடியில் வைத்துக்கொண்டு போனோம். வழியில் எரிந்த கடைகள். வேனுக்குள் யாரும் ஒன்றும் பேசவில்லை. வாப்பா மட்டும் அந்தப் பிள்ளையின் தோளில் தட்டி, கடுகஸ்தோட்டையில் தேயிலை விலை என்ன என்று கேட்டார். இனநல்லிணக்கம் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ கூட்டங்களுக்கு அழைத்தார்கள். நான் போகவில்லை.

அடுத்த வருஷம் வாப்பா மௌத்தானார். நான் அந்த வாங்கை விடவில்லை. விட முடியவில்லை என்றும் சொல்லலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வீட்டில் யாருக்காவது கிட்னி வருத்தம் என்று தெரிந்ததும் நம் ஆட்கள் என்ன கொண்டு வருகிறார்கள்? ஒரு குலை தம்பிலி. வாழைப்பழச் சீப்பு. தோடம்பழம். நோன்பு காலமென்றால் பொதியோடு பேரீச்சம்பழம். ஒன்று விடாமல் எல்லாம் பொட்டாசியம்! டயலிசிஸ் நோயாளிக்கு ஆகாது என்று வைத்தியர் எழுதிக் கொடுக்கும் பட்டியலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனவர்கள் போல, ஒவ்வொன்றாகத் தேடி வாங்கி வந்து படுக்கைக்குப் பக்கத்தில் வைப்பார்கள். கொஞ்ச நாள் கழித்து யாராவது வீட்டு மரத்துக் காமரங்காய் கொண்டு வருவார்கள். கிட்னி போன ஆளுக்கு அது நஞ்சு, சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. மூளையைத் தாக்கும் ஒரு பொருள் அதில் இருப்பதை 2013இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். நல்ல கிட்னி அதை வெளியேற்றிவிடும். கெட்டுப்போன கிட்னியால் முடியாது. வாப்பா தம்பிலியைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். வந்தவர்கள் போனதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு நல்ல காலம்.

இதில் யாரையும் குறை சொல்லி என்ன? கேட்டுவிட்டுக் கொடுக்கும் வழக்கம் நமக்கு இல்லை. "என்ன வேணும்?" என்று கேட்டால் கொடுக்கிற மனமில்லாமல் கேட்பது போலாகிவிடும் என்று ஒரு கூச்சம். அதனால் நாமே முடிவு செய்து கொண்டுபோகிறோம்.

கொடுக்கிற மனத்துக்கு இந்த நாட்டில் குறைவே இல்லை. உலக நாடுகளின் கொடைப் பழக்கத்தை வருஷா வருஷம் வரிசைப்படுத்தும் சுட்டியில் 2016ஆம் ஆண்டு இலங்கை ஐந்தாம் இடம். நம்மைவிட எத்தனையோ மடங்கு பணக்கார நாடுகள் பலவும் பின்னால். அதே 2016இல் மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேனர் வாங்க, மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த எம்.எஸ்.எச். முஹம்மத் என்ற வர்த்தகர் முன்னின்று காசு சேர்த்தார். இலக்கு 20 கோடி ரூபா. பாடசாலைப் பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் கொடுத்தார்கள், சேர்ந்துவிட்டது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சனம் நடந்தே போய், தெல்லிப்பழை வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு கட்டக் காசு திரட்டியது. தெற்கிலிருந்து வடக்குக்கு, யுத்தம் முடிந்து இரண்டே வருஷத்தில். இதையெல்லாம் நினைக்கும்போது நெஞ்சு நிறையத்தான் செய்கிறது.

ஆனால் கவனியுங்கள், ஒரு மெஷின், ஒரு கட்டிடம். திறப்பு விழா வைக்கலாம், சுவரில் கல் பதிக்கலாம். கிட்னி வருத்தம் பரவிய விவசாயக் கிராமங்களில் தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரங்களை விகாரைகளும் கம்பனிகளும் வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களும் வரிசையாகக் கட்டிக் கொடுத்தார்கள். கடற்படைகூடத் தானே வடிவமைத்து நூற்றுக்கணக்கில் நிறுவியது. அருமையான வேலை. ஆனால் ஆர்ஓ இயந்திரத்துக்கு உள்ளே மெம்பிரேன் இருக்கிறது, பில்டர் இருக்கிறது. காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும், பம்புக்குக் கரண்ட் பில் கட்ட வேண்டும். மெம்பிரேன் மாற்றியதற்கு யாராவது ரிப்பன் வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

கிட்னி மாற்று ஒப்பரேஷனும் இப்படித்தான். பஸ் ஸ்டாண்டில் போஸ்டர், பத்திரிகையில் விளம்பரம், ஜும்ஆவுக்குப் பிறகு வாசலில் துண்டு விரித்தல் என்று எல்லாம் ஒப்பரேஷன் நாள் வரைதான். அன்றோடு ஊர் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டுக் கலைந்துபோகும். அந்த ஆள் அடுத்த நாளிலிருந்து, பொருத்திய கிட்னி வேலை செய்யும் காலமெல்லாம், உடம்பு அதைத் தள்ளிவிடாமலிருக்க டக்ரோலிமஸும் மற்ற மாத்திரைகளும் விழுங்க வேண்டும், நேரம் தவறாமல். வைத்தியசாலையில் ஸ்டொக் முடிந்த மாதத்தில் அவர் யாரிடம் போவார்? "அவருக்குத்தான் போன வருஷமே சேர்த்துக் கொடுத்தோமே" என்பார்கள். இதே வார்த்தையை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்ற ஞானம் நமக்குப் புதிதாக வர வேண்டியதில்லை. ஏற்கெனவே இருந்தது, நாம்தான் மறந்துபோனோம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் திருமுக்கூடல் என்ற ஊரில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் இடத்துப் பெருமாள் கோயிலில், வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சுமார் 1069ஆம் ஆண்டு. அங்கே 'வீரசோழன்' என்ற பெயரில் பதினைந்து படுக்கைகளோடு ஓர் ஆதுலசாலை, அதாவது வைத்தியசாலை, நடந்திருக்கிறது. கல்லில் எழுதி வைத்திருப்பது எதை என்று பாருங்கள்: வைத்தியருக்கு வருஷத்துக்கு எவ்வளவு நெல், அறுவை செய்கிறவருக்கு எவ்வளவு, பச்சிலையும் விறகும் கொண்டுவருகிற ஆட்களுக்கு எவ்வளவு, நோயாளிகளைப் பார்க்கும் பெண்களுக்கு எவ்வளவு, தண்ணீர் கொண்டுவருகிறவனுக்கு எவ்வளவு. இரவு முழுக்க எரியும் ஒரு விளக்குக்கு எண்ணெய்க் காசு உட்பட. கட்டிடத்தைக் கட்டியதோடு முடியாது, அடுத்த வருஷமும் விறகு வேண்டும் என்பது அந்த ஆட்களுக்குத் தெரிந்திருந்தது.

நம்முடைய வக்பும் அதே யோசனைதான். கைபரில் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் நபியவர்களிடம் கேட்டபோது, நிலத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு விளைச்சலைத் தர்மம் செய்யும் வழி காட்டப்பட்டது. விற்கவும் முடியாது, வாரிசுக்குப் போகவும் போகாது, வருஷா வருஷம் ஏழைக்குப் போகும். இலங்கையில் இதற்கென்று 1956ஆம் ஆண்டே 51ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. எந்த ஊர்ப் பள்ளிவாசலுக்கும் இரண்டு மூன்று கடை அறைகளாவது வக்பாக இருக்கும். ஒரு கடை வாடகை, ஒரேயொரு கடை வாடகை, ஊரிலுள்ள டயலிசிஸ் நோயாளிகளின் ஹயருக்கு என்று எழுதி வைத்தால் என்ன? நான் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். பள்ளிக்குக் கார்பெட் மாற்ற வேண்டியிருக்கிறதாம்.

வக்பு இருக்கட்டும், ஸக்காத்துக்கு வருவோம். ரமழானில் எங்கள் ஊரில் ஒரு ஏழை வீட்டுக்கு மூன்று பொதி, நாலு பொதி வரும். ஒரே பருப்பு, ஒரே சீனி, ஒரே மா. ஸபர் மாதத்தில் அதே வீட்டுக் கதவைத் தட்ட ஆளில்லை. டயலிசிஸ் வாரம் இரண்டு என்றால் ஸபரிலும் இரண்டுதான். ரமழானில் நன்மை கூடுதல் என்று கொடுக்கிறோம், சரி. ஆனால் நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், நிஸாப், அதாவது ஸக்காத் கடமையாகும் அளவு சொத்து, இருக்கும் பட்சத்தில், வருஷம் நிறையும் முன்பே அந்த வருஷத்து ஸக்காத்தைக் கொடுத்துக்கொண்டு வரலாம் என்று ஆலிம்கள் சொல்கிறார்கள். அதாவது வருகிற ரமழானுக்குரியதை இந்த முஹர்ரத்திலிருந்தே மாதாமாதம் பிரித்துக் கொடுக்க வழி இருக்கிறது. பெறுகிறவர் ஸக்காத்துக்கு உரியவராக இருக்க வேண்டும், அது தனி. உங்களுக்குத் தெரிந்த மௌலவியிடம் உங்கள் கணக்கைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பத்வா கொடுக்கிற ஆள் இல்லை.

எங்கள் வாங்குக் கூட்டமும் ஒரு காலத்தில் காசு சேர்க்கத் தொடங்கியது. தொடங்கியதும் சண்டை. யாருக்குக் கொடுப்பது? அவருக்கு மச்சான் கத்தாரில் இருக்கிறார், அவர் கேட்கக் கூடாது. இவர் இன்னும் வெற்றிலையும் புகையிலையும் விடவில்லை, இவருக்குக் கொடுத்து என்ன பிரயோசனம்? அந்த ஆள் பள்ளிப் பக்கமே வருவதில்லையே? வாயுள்ளவர் வாங்கிக்கொண்டு போனார், தோட்டத்து அக்கா போன்றவர்கள் ஒருநாளும் கேட்கவில்லை, அதனால் கிடைக்கவும் இல்லை.

பிறகு ஒருநாள் டயலிசிஸின் சரித்திரத்தைத் தேடி வாசித்தபோது அதே சண்டை அமெரிக்காவில் நடந்திருப்பது தெரிந்தது. சியாட்டில் நகரத்தில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற வைத்தியர், கையிலேயே நிரந்தரமாக விட்டு வைக்கக்கூடிய குழாயைச் செய்து, 1960 மார்ச் 9ஆம் திகதி க்ளைட் ஷீல்ட்ஸ் என்ற தொழிலாளிக்குப் பொருத்தினார். அதுவரை சில நாட்களுக்கு மட்டும் செய்யக்கூடியதாக இருந்த டயலிசிஸை வருஷக்கணக்கில் செய்ய முடிந்தது. ஷீல்ட்ஸ் இன்னும் பதினொரு வருஷம் வாழ்ந்தார். ஆனால் மெஷின்கள் சில, காசு நன்கொடையிலிருந்து வந்தது, நோயாளிகளோ நிறைய. யாரை ஏற்பது என்று முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட குழு ஒன்றைப் போட்டார்கள். அதில் ஒரு பாதிரியார், ஒரு வங்கிக்காரர், ஒரு வக்கீல், ஒரு குடும்பத்தலைவி எல்லாம் உண்டு. அவர்கள் எதையெல்லாம் பார்த்தார்கள்? வேலை இருக்கிறதா, குடும்பம் இருக்கிறதா, சேர்ச்சுக்கு ஒழுங்காகப் போகிறவரா! 1962இல் 'லைஃப்' சஞ்சிகை இதை எழுதியதும் நாடே அதிர்ந்தது. எங்கள் வாங்கில் நடந்ததற்கும் இதற்கும் வித்தியாசம், எங்களிடம் கூடியது ஹயர் காசு, அவர்களிடம் இருந்தது உயிர்.

அந்தக் கதைக்கு ஒரு முடிவு உண்டு, அதுதான் எனக்குப் பிடித்தது. டயலிசிஸ் நோயாளிகளே சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார்கள். 1971 நவம்பரில் அதன் உப தலைவர் ஷெப் க்ளேஸர் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன்னால், மெஷினை அங்கேயே கொண்டுவந்து, தன் உடம்பில் பூட்டிக் காட்டிச் சாட்சி சொன்னார். அடுத்த வருஷம், 1972 ஒக்டோபரில், கிட்னி செயலிழந்த கிட்டத்தட்ட எல்லோருக்கும் அரசாங்கமே செலவைப் பொறுப்பேற்கும் சட்டம் வந்தது. தர்மத்தால் ஆகாத காரியத்தை உரிமையாகக் கேட்டு வாங்கினார்கள். ஆகவே நம் கொடையைப் பெரிதாக்கிக்கொண்டு அரசாங்க வைத்தியசாலையை மறந்துவிடக் கூடாது என்பது என் கட்சி. 2022 மார்ச்சில் மருந்து இல்லாமல் பேராதனைப் போதனா வைத்தியசாலை வழமையான ஒப்பரேஷன்களை நிறுத்த வேண்டி வந்ததே, எந்த ஹாஜியாரின் காசால் அதை ஈடுசெய்ய முடிந்திருக்கும்? சென்னையில் 1993இல் வைத்தியர் ஜோர்ஜி ஆபிரகாம் தொடங்கிய டேங்கர் அறக்கட்டளை போல, குறைந்த செலவில் டயலிசிஸே செய்து கொடுக்கும் அமைப்புகள் தமிழ்நாட்டில் உண்டு. மதிக்க வேண்டிய வேலை. நமக்கு மெஷின் அரசாங்கம் தருகிறது. அந்த மெஷின் வரை ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நம் பங்கு.

அதனால் எங்கள் கூட்டத்தில் ஆள் தெரிவு செய்வதையே விட்டுவிட்டோம். இப்போது காசு நோயாளியின் கைக்குப் போவதில்லை, த்ரீவீல் நானாவின் கைக்குப் போகிறது. மாத்தளை வீதியில் எங்கள் பக்கத்திலிருந்து அந்த ஷிப்டுக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் ஏறலாம். தொழுகிறாரா, வெற்றிலை போடுகிறாரா, மச்சான் எங்கே இருக்கிறார் என்ற கேள்வி இல்லை. இரண்டு பேர் சேர்ந்து போனால் செலவும் பாதி. கொடுப்பவர்களுக்கும் சுலபம்: மாதத்தில் ஒரு நாள் ஹயர் என்னுடையது என்று ஒருவர் எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். அங்கும்புர அம்மாவின் மகன் தன் தகப்பனின் முதலாம் வருஷ நினைவு தானத்துக்கு ஒதுக்கியதில் ஒரு பங்கை இதற்குத் தந்தான். அம்மா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். தோட்டத்து அக்கா எல்லாருக்கும் முந்தி ஐந்நூறு ரூபா தந்தார், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் பெற்றோல் என்று அரசாங்கம் அறிவித்தபோது இந்த ஒழுங்கு தடுமாறியது உண்மை. நானாமார் தங்களுக்குள் ஒரு போத்தல், அரைப் போத்தல் என்று சேர்த்து, ஒரு த்ரீவீலில் மூன்று நோயாளிகளை ஏற்றினார்கள். டித்வா நேரம் வீதியே இல்லாமல் போனதால் அதுவும் முடியவில்லை. அந்தக் கிழமையில் சோற்றுப் பார்சல் வேண்டிய அளவு வந்தது. ஒரு நோயாளியைக் கண்டி வரை கொண்டுபோக வாகனம் தேடித் திரிந்தோம். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்து டயலிசிஸ் நோயாளிகளின் ஷிப்ட் நாட்களை ஒரு தாளில் எழுதிப் பள்ளியிலும் விகாரையிலும் கொடுத்து வைத்திருக்கிறோம். அடுத்த வெள்ளத்தில் முதல் வாகனம் அவர்களுக்கு.

இன்னொன்று. வட்ஸ்அப்பில் சுற்றும் உதவிக் கோரிக்கைகளைத் திகதி பார்க்காமல் பகிராதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவருடைய படமும் கணக்கிலக்கமும் அவர் மௌத்தாகி நெடுநாள் ஆன பிறகும் இன்னும் குழுமம் குழுமமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அது அவருடைய மகளின் போனுக்கும் வந்து சேருகிறது.

இந்தப் பதிவில் கணக்கிலக்கம் எதுவும் போடப் போவதில்லை. நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் சந்தி த்ரீவீல் ஸ்டாண்டுக்குப் போய், கிளினிக்குக்கும் டயலிசிஸுக்கும் யாரை ஒழுங்காகக் கூட்டிப் போகிறீர்கள் என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும், யார் கடன் சொல்கிறார்கள் என்பதும் தெரியும். மாதத்தில் ஒரு ஹயரை எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதமும் கொடுங்கள். நோயாளியின் வீட்டுக்குப் போவதென்றால் தம்பிலி வாங்காமல் போங்கள்.